திருநீற்றைத் துடைத்த பிள்ளை

நீதிமன்றப் படியேறாத வழக்கு இது. எண் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. ஆனாலும் என் வக்கீல் தொழிலில் அதிகம் படித்தும் அதிகம் பயந்தும் நடத்திய வழக்கு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பத்து காவான் ஒரு காலத்தில் கரும்புக் காடு. பிறகு ரப்பர், அதற்குப் பிறகு செம்பனை. 2014 மார்ச்சில் பினாங்கின் இரண்டாவது பாலம் அங்கே திறந்தது. தொழிற்பேட்டை வந்தது, அடுக்குமாடிகள் வந்தன, 2019-இல் ஐக்கியாவும் வந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள் இன்று அங்குள்ள பண்டார் காசியாவில் மின்தூக்கி ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் தோட்டத்து உறவுமுறை அப்படியே இருக்கிறது. யார் கோயில் வரி கட்டினார், யார் கட்டவில்லை, யார் வீட்டுச் சாவுக்கு யார் தலைகாட்டவில்லை என்பதெல்லாம் இன்னும் எல்லாருக்கும் தெரியும்.

அப்படியொரு குடும்பத்திலிருந்துதான் ஒரு தம்பதி சிம்பாங் அம்பாட்டில் இருந்த என் அலுவலகத்துக்கு வந்தார்கள். கணவர் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். திருமணத்துக்குப் பிறகு இருவரும் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். கணவரின் அண்ணன் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறார். மகள் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். அந்தப் பள்ளி பத்து காவானில் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம். இதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். நவராத்திரியின் முடிவில் பள்ளியில் சரஸ்வதி பூசை. கோயிலிலிருந்து குருக்கள் வந்திருந்தார். பிள்ளைகள் புத்தகங்களைப் படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டு, வரிசையாக வந்து தீபாராதனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திருநீறு வாங்கிக்கொண்டு போக வேண்டும். இவள் முறை வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நான் சர்ச்சுக்குப் போற பிள்ளை, டீச்சர்" என்று சொல்லியிருக்கிறாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஆசிரியை ஒருவர் அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தித் தானே திருநீற்றைப் பூசிவிட்டார். பிள்ளை புறங்கையால் துடைத்தாள்.

பூசியதைப் பற்றி யாரும் பேசவில்லை. துடைத்தது பள்ளி முழுக்கப் பேச்சாகிவிட்டது. மறு வாரச் சபைகூடலில் அவளை மேடைக்கு அழைத்து, சாமியை அவமதித்ததற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. பரிசளிப்பு விழாவுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நடனக் குழுவிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.

அம்மாதான் பேசினார். "கேஸ் போட்டுக் காசு வாங்க வரல சார். இவ அங்கயே படிக்கணும். எல்லாரும் சீனப் பள்ளிக்கு மாத்துன்னு சொல்றாங்க, மலாய்ப் பள்ளிக்கு மாத்துன்னு சொல்றாங்க. எதுக்கு சார்? நாங்க வீட்டுல தமிழ்தான பேசுறோம். ஜெபம் பண்றது தமிழ்லதான். தமிழ்ப்பள்ளி எங்களுக்கு இல்லையா?"

பிள்ளையிடம் ஏன் துடைத்தாய் என்று கேட்டேன். "சொன்னேன் அங்கிள், டீச்சர் கேக்கல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தொடச்சது பாவமா?" என்று என்னையே கேட்டாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். என் தகப்பனார் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பல காலம் பொருளாளராக இருந்தவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. துடைத்தாள் என்று கேட்டபோது எனக்கும் சுருக்கென்றது. அந்தச் சுருக்கென்ற உணர்வு நியாயமானதுதான், என்றாலும் அதை வைத்து ஒரு பத்து வயதுப் பிள்ளையை மேடையில் நிறுத்த முடியாது. அவள் நம்பிக்கையில் எனக்குப் பங்கில்லை. அது அவளுடையது என்பதற்காகத்தான் அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது? கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவை எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொருவரும் தம் சமயத்தை ஏற்று ஒழுகலாம் என்பது அது. அதற்கு அடுத்த பிரிவில், கல்வி உரிமையைப் பேசும் இடத்தில், 12(3) என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. தம்முடையதல்லாத சமயத்தின் போதனையைப் பெறவோ, அதன் சடங்கிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளவோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 11-ஆவது பிரிவுக்குப் பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் என்று வரம்புகள் உண்டு. 12(3)-இன் வாசகத்தில் அப்படியொரு வரம்பும் எழுதப்படவில்லை. இன்னோர் உட்பிரிவு, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் சமயத்தைப் பெற்றோரே முடிவு செய்வர் என்கிறது. நம் இந்துப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிகளில் ஏதேனும் நேர்ந்தால் நாம் முதலில் கையில் எடுப்பதும் இதே பிரிவுகளைத்தான். தமிழ்ப்பள்ளிக்குள் நாம்தான் பெரும்பான்மை. அங்கே மட்டும் அவற்றை மறந்துவிட முடியாது.

வாசகம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நான் பயந்தேன். காரணம் மூன்று தீர்ப்புகள்.

முதலாவது எனக்கு மிகப் பிடித்தது. கேரளத்தில் கோட்டயம் மாவட்டம், கிடங்கூர். பிஜோ இம்மானுவேல், தங்கைகள் பினுமோள், பிந்து. முறையே பத்தாம், ஒன்பதாம், ஐந்தாம் வகுப்பு. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த குடும்பம். காலையில் தேசிய கீதம் பாடும்போது மூவரும் எழுந்து மரியாதையாக நிற்பார்கள், பாட மாட்டார்கள். தங்கள் கடவுளைத் தவிர வேறெதற்கும் துதி பாடக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களுக்கு முன்னால் அதே பள்ளியில் படித்த அக்காமார்களும் அப்படித்தான் நின்றார்கள், யாரும் கேட்கவில்லை. 1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் பட்டு, சட்டமன்றத்தில் கேள்வியாகி, விசாரணைக் குழு வந்தது. பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றுதான் அந்தக் குழுவே எழுதியது. அப்படியும் மேலிடத்து உத்தரவின்பேரில் தலைமையாசிரியை ஜூலை 26-ஆம் தேதி மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்.

கேரள உயர் நீதிமன்றத்தில் இரண்டு முறை தோற்றார்கள். உயர் நீதிமன்றம் தேசிய கீதத்தை வரி வரியாகப் பார்த்து, இதில் யாருடைய சமய உணர்வையும் புண்படுத்தும் சொல் ஒன்றுமில்லையே என்றது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டியும் நீதிபதி எம்.எம். தத்தும் 1986 ஆகஸ்ட் 11-ஆம் தேதி அதைப் புரட்டிப் போட்டார்கள். பாட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலையில்லை. அந்த நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்பதும் கேள்வியில்லை. அதை அவர்கள் உண்மையாக, மனசாட்சியோடு நம்புகிறார்களா என்பதே கேள்வி என்றார்கள். பாட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவுமில்லை, எழுந்து நின்றதே மரியாதை என்று சொல்லி மூவரையும் மறுபடி சேர்க்கச் சொன்னார்கள். பிள்ளைகள் ஒரே ஒரு நாள் பள்ளிக்குப் போனார்கள். அதற்குப் பிறகு போகவில்லை.

இரண்டாவது தீர்ப்பு நம் பக்கத்து வீட்டில், சிங்கப்பூரில். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நப்பள்ளி பீட்டர் வில்லியம்ஸும் அதே சபையைச் சேர்ந்தவர். தேசிய உறுதிமொழி எடுக்க மாட்டேன், கீதம் பாட மாட்டேன் என்றதால் வேலை போயிற்று. சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 16(3) கிட்டத்தட்ட நம் 12(3)-ஐப் போன்றதுதான். 1999-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உறுதிமொழியும் கீதமும் சமயச் சடங்கே அல்ல. உலகியல் சார்ந்த ஒன்றை இவர் சமயமாகத் திரித்துக்கொள்கிறார் என்றது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் வழியை அது ஏற்கவில்லை.

மூன்றாவது நம் நாட்டுத் தீர்ப்பு. நெகிரி செம்பிலானில் ஃபெல்டா குடியேற்றப் பகுதியிலுள்ள பள்ளிக்கு மூன்று முஸ்லிம் சிறுவர்கள் தலைப்பாகை கட்டி வந்தார்கள். சீருடை விதிக்கு மாறானது என்று 1997-இல் நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2006 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றமும் அவர்களைக் கைவிட்டது. மெயோர் அத்திகுல்ரஹ்மான் வழக்கு என்று இதை எல்லா வக்கீல்களும் அறிவார்கள். நீதிபதி அப்துல் ஹமீத் முகமது அதில் ஓர் அளவுகோலை வகுத்தார். அப்படியொரு வழக்கம் அந்தச் சமயத்தில் இருக்கிறதா, அது எவ்வளவு முக்கியமானது, தடை எவ்வளவு தூரம் போகிறது, சூழ்நிலை என்ன என்று வரிசையாகப் பார்க்க வேண்டும் என்றார்.

இந்த மூன்றையும் மேசையில் விரித்துவைத்து இரவில் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்று தெளிவானது. பிஜோ வழக்கில் நீதிமன்றம் பிள்ளையின் மனதைப் பார்த்தது. மற்ற இரண்டிலும் வெளியே நின்று செயலை எடைபோட்டது. சமயமே இல்லை என்றது ஒன்று, அவ்வளவு முக்கியமில்லை என்றது இன்னொன்று. எந்த ஊரிலும் பெரும்பான்மையினருக்குத் தாங்கள் செய்வது சமயமாகத் தெரிவதில்லை. அது வழக்கம், பண்பாடு, இவ்வளவு நாளாக எல்லாரும் செய்வது. அதை மறுக்கிறவனுடையதுதான் பிடிவாதமாகத் தெரியும். தலைமையாசிரியர் என்ன சொல்லப் போகிறார் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் ஒரு கடிதம் தயாரித்தேன். 12(3)-ஐச் சுட்டி, திருநீறு பூசியது கட்டாயப்படுத்தல் என்று சொல்லி, அதே சபைகூடலில் ஆசிரியை பகிரங்க மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். தம்பதி வந்து படித்தார்கள். அம்மா கடைசிப் பத்தியில் விரலை வைத்தார். "இத எடுத்துடுங்க சார். என் பிள்ளைய நிக்க வெச்ச அதே எடத்துல அந்த டீச்சர நிக்க வெக்க வேணாம். அவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு." கணவருக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். பத்தியை எடுத்தேன்.

கடிதம் போவதற்கு முன்பே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. கோயில் ஆட்கள், பழைய தோட்டத்து ஆட்கள். அப்பாவை நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவர், "தம்பி, ஒங்கப்பா இருந்திருந்தா இந்தக் கேச எடுத்திருப்பியா?" என்று கேட்டார். எடுத்திருப்பேன் மாமா என்றேன். அவர் நம்பவில்லை. அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 86 பேர் இந்துக்கள், 6 பேர் கிறிஸ்தவர்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையில் நாம் எல்லாரும் சேர்ந்தே சிறுபான்மை. கோயில் உடைப்பு, மதமாற்றம், பிள்ளை யாருக்கு என்று நீதிமன்ற வாசலில் நிற்பது என எத்தனையோ பார்த்துவிட்டோம். தன் பிள்ளைகளின் மதமாற்றத்தை எதிர்த்து எம். இந்திரா காந்தி என்ற தாய் தனி ஒருத்தியாகக் கூட்டரசு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்த நாடு இது. அப்படிப்பட்ட நிலையில் நம் பிள்ளைகளுக்குச் சமயத்தை ஊட்டும் இடமாகத் தமிழ்ப்பள்ளியைப் பார்ப்பது இயல்பு. பினாங்கில் இருக்கும் 28 தமிழ்ப்பள்ளிகளில் பூசை இல்லாத பள்ளி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பூசை நடக்கட்டும். வர மறுக்கும் பிள்ளையின் தாடையைப் பிடிக்க வேண்டாம் என்றுதான் கேட்டேன்.

தலைமையாசிரியர் அறையில் சந்திப்பு. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் இருந்தார். தலைமையாசிரியர் நல்ல மனிதர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவர். நான் எதிர்பார்த்த இடத்துக்கே நேராக வந்தார். "வக்கீல் ஐயா, சரஸ்வதி பூசை என்பது மதம் இல்லை. கல்விக்கு நாம் காட்டும் மரியாதை. தமிழர் பண்பாடு."

அவர் அனுப்பிய சுற்றறிக்கையை மேசையில் வைத்தேன். அதில் பூசை, அர்ச்சனை, தீபாராதனை, பிரசாதம் என்று நேர வாரியாக அச்சடித்திருந்தது. "குருக்கள் வந்து மந்திரம் சொல்லித் தீபாராதனை காட்டியிருக்கிறார் ஐயா. இது வழிபாடு இல்லை என்று குருக்களிடமே சொல்ல முடியுமா? சைவனாகப் பிறந்த நான் சொல்ல மாட்டேன். இது வழிபாடுதான் என்பதால்தான் எனக்கு மதிப்பு" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

சங்கத் தலைவர் குறுக்கிட்டார். தமிழராக இருந்துகொண்டு இதைக்கூட ஏற்காவிட்டால் எப்படி என்றார். தலைமையாசிரியரைப் பார்த்து, நீங்கள் படித்த துறைக்கு அறுபதுகளில் தலைவராக இருந்தது யார் என்று கேட்டேன். தனிநாயகம் அடிகள் என்றார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவர். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்காரர், கத்தோலிக்கக் குருவானவர். அவர் இந்தப் பள்ளிக்கு வந்திருந்தால் திருநீறு பூசிக்கொண்டிருப்பாரா? பூசவில்லை என்றால் அவரைத் தமிழர் இல்லை என்பீர்களா? தலைமையாசிரியர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அறையில் அதற்கு மேல் யாரும் பண்பாடு என்று பேசவில்லை.

அடுத்துப் பேசியது அந்த அம்மா. என்ன செய்வாள், என்ன செய்ய மாட்டாள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கோலம் போடுவாள். பொங்கல் விழாவில் விறகு தள்ளுவாள், பானையைச் சுற்றி நின்று கூவுவாள், ஆனால் கற்பூரத்தைத் தொட மாட்டாள். திருக்குறள் போட்டியில் கடவுள் வாழ்த்து அதிகாரம் முழுவதும் ஒப்புவிப்பாள், அதில் ஒரு தடையும் இல்லை. புடவை, பூ, பொட்டு என்று நடனத்துக்கு வேண்டிய எல்லாம் அணிவாள். இதுவரை சரி. ஆனால் மேடையேறும் முன் நடராசர் சிலைக்கு மலர் தூவும் இடத்தில் தம்பதிக்கே ஒத்துப்போகவில்லை. தூவாமல் நின்றால் போதும் என்றார் அம்மா. அந்தச் சிலை இருக்கும் மேடையில் ஆடவே வேண்டாம் என்றார் அப்பா. இருவரும் என்னைப் பார்த்தார்கள். அது வக்கீல் சொல்லும் இடமில்லை என்றேன். அவர்கள் போதகரிடம் கேட்டுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தக் காகிதம்தான் அன்றைக்கு வேலை செய்தது. இவர்கள் தமிழை வெறுத்து வந்தவர்கள் இல்லை, எந்த இடத்தில் நிற்கிறோம் என்று யோசித்துத் தெரிந்துகொண்டவர்கள் என்பது தலைமையாசிரியருக்குப் புரிந்தது. நம்மில் பாதிப் பேருக்கு நாம் கும்பிடுவது ஏன் என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்லத் தெரியாது. பூசை நாளில் வேறு சமயத்துப் பிள்ளைகள் நூலகத்தில் இருக்கலாம், வகுப்பாசிரியர் ஒருவர் உடனிருப்பார் என்று முடிவானது. நடனக் குழுவில் அவள் பெயர் திரும்பவும் சேர்ந்தது. அந்த ஆசிரியை அம்மாவைத் தனியாக வராந்தாவில் சந்தித்துப் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிள்ளையின் பெரியப்பா வீட்டில் இந்த முடிவு எடுபடவில்லை. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றது. அடுத்த தீபாவளிக்கு இவர்கள் பலகாரம் கொண்டுபோனபோது அண்ணன் மனைவி வாங்கிக்கொண்டார், அண்ணன் வெளியே வரவில்லை. சட்டத்தில் இதற்குப் பரிகாரம் இல்லை, இவர்களும் அதைக் கேட்டு வரவில்லை. கிறிஸ்தவராக வாழ்வதற்கு இவர்கள் கொடுத்த பெரிய விலை பள்ளியில் இல்லை, அந்த வீட்டு வாசலில்தான்.

இன்னொரு கவலையும் இருந்தது. அன்று முடிவானது ஒரு தலைமையாசிரியரின் வாய்ச்சொல். அவர் மாற்றலாகிப் போனதும் புதிதாக வந்தவருக்கு எதுவும் தெரியாது. முதல் பூசைக்கே இவள் பெயரும் வரிசைப் பட்டியலில் இருந்தது. இந்த முறை அம்மா என்னிடம் வரவில்லை. பழைய கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு தானே பள்ளிக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டார். அன்றிலிருந்து, இப்படி என்னிடம் வரும் பெற்றோர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கும்போதே 12(3)-ஐக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, பள்ளி முத்திரையோடு ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அந்தக் கடிதத்தை எழுதித் தருவதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.